1967–72 செவ்ரோலெட் சி10 பிக்கப்: கேபின் ஸ்பீக்கர்களை மாற்ற முழுமையான வழிகாட்டி

1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலெட் சி10 பிக்கப்பில் ரேடியோ இருந்தால், அதற்குத் துணையாக டாஷ்போர்டின் நடுவில் மேல்நோக்கி ஒரே ஒரு ஸ்பீக்கர் இருக்கும். கதவில் கிடையாது, பின்சுவரிலும் கிடையாது. அந்த ஒற்றைக் காகிதக் கூம்பு ஐம்பது வருட வெயிலில் காய்ந்து, விளிம்பு வெடித்து, இன்று வண்டு இரைவதுபோல் இரையும்.

புதிதாக விலையுயர்ந்த ஸ்பீக்கர் வாங்கிப் பொருத்திவிட்டு "சத்தம் ஒன்றும் மாறவில்லையே" என்று வருந்துகிறவர்கள் நிறைய. இந்தக் கேபின் சிறியது, முழுக்கத் தகரம், நாற்புறமும் கண்ணாடி. ஸ்பீக்கர் எங்கே உட்காருகிறது, சுற்றியுள்ள தகரம் அதிர்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்ற மூன்றும்தான் பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கைவிட முக்கியம். அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டி போகிறது. ஜிஎம்சி பெயரில் வந்த அதே காலத்து வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

ஒரு கட்டுப்பாட்டை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்: தொழிற்சாலை போட்ட தகரத்தை வெட்டக் கூடாது. கதவில் வெட்டிய வட்டத்தை மறுபடி மூட வெல்டிங்கும் பெயின்ட்டும் வேண்டும். வெட்டாமலே நல்ல ஒலி கிடைக்க வழி இருக்கும்போது அந்தச் செலவு எதற்கு?

பழைய ரேடியோவா, புதியதா?

ஸ்பீக்கர் வாங்கும் முன் இதை முடிவு செய்தாக வேண்டும். காரணம் ஓம் கணக்கு.

அக்காலத்து வண்டிகளில் தொழிற்சாலையே பொருத்திய டெல்கோ ரேடியோக்கள் 10 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்காக வடிவமைக்கப்பட்டவை. இன்று கடையில் கிடைக்கும் கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். அதைப் பழைய டெல்கோவில் கோர்த்தால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் தாங்க வேண்டியதைவிட அதிக மின்னோட்டம் ஓடும். முதலில் சூடாகும், பிறகு போய்விடும். பழைய ரேடியோவையே வைத்துக்கொள்வதாக இருந்தால் 8 அல்லது 10 ஓம் ஸ்பீக்கரைத் தேடி வாங்குங்கள். இன்னொன்று: ஸ்பீக்கர் இணைக்காமல் அந்த ரேடியோவை ஒரு நிமிடம்கூட ஓடவிடாதீர்கள். சுமை இல்லாமல் ஓடினாலும் அந்த டிரான்சிஸ்டர் சேதமாகலாம்.

புதிய ஹெட் யூனிட், அதாவது டாஷில் பொருத்தும் இன்றைய கார் ஸ்டீரியோ என்றால் கணக்கு தலைகீழ். 14.4 வோல்ட்டில் ஓடும் ஹெட் யூனிட் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தரக்கூடியது, இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சேனலுக்கு ஏறக்குறைய 26 வாட். நடைமுறையில் 18 முதல் 22 வாட் வரும். பெட்டியில் உள்ள "50×4" என்பது உச்சக் கணக்கு மட்டுமே. அதே ஹெட் யூனிட்டில் பழைய 10 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் ஆபத்து இல்லை, ஆனால் 10 வாட்டுக்கு மேல் வராது.

டாஷில் ரேடியோவுக்கு இரண்டு தண்டுத் துளைகளும் நடுவில் ஒரு சிறு செவ்வகமும் இருக்கும். இன்றைய சதுர ஹெட் யூனிட்டுக்காக அதை அறுத்துப் பெரிதாக்க வேண்டாம். தண்டுகளின் இடைவெளியை நகர்த்திக்கொள்ளும்படி ரெட்ரோசவுண்ட், கஸ்டம் ஆட்டோசவுண்ட் போன்ற நிறுவனங்கள் புளூடூத்தும் யுஎஸ்பியும் உள்ள ரேடியோக்களைப் பழைய முகத்தோடு தயாரிக்கின்றன.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது

வேலையின் பாதி இந்த முடிவில் இருக்கிறது.

இருக்கைக்குப் பின்னால் வைக்கலாம் என்பது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. இந்த வண்டியில் அங்கே இருப்பது பெட்ரோல் டேங்க். 1973-இல் அடுத்த வடிவம் வந்தபோதுதான் டேங்க் கேபினை விட்டு வெளியே போனது. ஆகவே பின்சுவரிலோ இருக்கைக்குப் பின்னாலோ துளை போடுவது, ஸ்க்ரூ முடுக்குவது, ஆம்ப்ளிஃபயரை டேங்க்மேல் சாய்த்து வைப்பது எதுவும் கூடாது. பெட்ரோல் ஆவியும் தீப்பொறியும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. கேபினுக்குள் பெட்ரோல் வாடை வந்தால் முதலில் டேங்க் குழாய்களையும் ரப்பர் இணைப்புகளையும் மாற்றுங்கள், ஒலி வேலை பிறகு. பலர் டேங்கையே சரக்குத் தொட்டிக்கு அடியில் மாற்றிவிடுகிறார்கள். பிளேசர் வண்டியின் டேங்கை அங்கே பொருத்துவது பழகிப்போன முறை. அப்படி மாற்றிய வண்டியில் மட்டும் இருக்கைக்குப் பின்னால் ஒல்லியான சப்வூஃபர் பெட்டி வைக்க இடம் கிடைக்கும்.

கதவு அடுத்த தேர்வு. அதற்குத் தகரத்தை வெட்ட வேண்டும். உள்ளே கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைகள் ஓடும். மழைநீர் கதவுக்குள் வடிந்து கீழ்த்துளை வழியே வெளியேறுவதுதான் அதன் இயல்பு என்பதால் ஸ்பீக்கரின் முதுகு நனையும். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தால் பயன்படுத்துங்கள். புதிதாக வெட்ட வேண்டாம்.

கிக் பேனல், அதாவது கால் வைக்கும் இடத்தின் பக்கச்சுவர், இந்த வண்டிக்கு மிகச் சிறந்த இடம். 6.5 அங்குல ஸ்பீக்கருக்கான கூடுகள் வார்த்தே கிடைக்கின்றன. ஒலிக்கும் இது நல்லது. இந்த வண்டியில் ஸ்டீரிங் இடப்பக்கம். ஆகவே கதவில் வைத்தால் ஓட்டுநருக்கு இடப்பக்க ஸ்பீக்கர் மிக அருகில், வலப்பக்கம் மிகத் தொலைவு. காலடியில் முன்னே தள்ளி வைத்தால் இரண்டு தூரங்களுக்கும் இடையிலான வித்தியாசம் குறைகிறது. 34 செ.மீ. வித்தியாசம் என்றால் ஒலி ஒரு மில்லிவினாடி தாமதமாக வரும். காது அதைப் பிடித்துக்கொண்டு பாட்டு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்ததாகச் சொல்லும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு. வெளிக்காற்றை உள்ளே விடும் சிறு மூடிகள் அந்தப் பக்கச்சுவரில்தான் இருக்கின்றன. நீங்கள் வாங்கும் கூடு அவற்றை மூடிவிடுமா, திறக்க விடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் காலால் மிதிக்கும் பார்க்கிங் பிரேக் பெடலும், தரையில் ஹெட்லைட் டிம்மர் சுவிட்சும் உள்ளன. அட்டையில் கூட்டின் வடிவத்தை வெட்டி வைத்து, பெடலை முழுக்க மிதித்துப் பாருங்கள்.

கடைசியாக டாஷ் நடு. ஸ்டீரியோ ரேடியோவுக்கு ஒரே ஸ்பீக்கர்தான் என்றால் "இரட்டைக் காயில்" ஸ்பீக்கர் வேண்டும். ஒரே கூம்பு, அதில் இரண்டு தனித்தனிக் காயில்கள். இடது சேனல் ஒன்றுக்கு, வலது சேனல் மற்றொன்றுக்கு. இதில் ஸ்டீரியோ பிரிவு கிடைக்காது, இரு பக்கமும் கலந்துதான் கேட்கும். ஆனால் எந்தப் பக்கத்து இசையும் விடுபடாது. சாதாரண ஒற்றைக் காயில் ஸ்பீக்கரில் இடது, வலது இரண்டையும் சேர்த்து முறுக்கிக் கட்டினால் ஹெட் யூனிட்டின் வெளியீட்டு சிப் எரிந்துவிடும்.

நல்ல அமைப்பு: கிக் பேனலில் 6.5 அங்குல ஜோடி முக்கிய வேலை செய்யட்டும். டாஷ் நடுவில் இரட்டைக் காயில் ஸ்பீக்கர் மெல்லிய குரலில் பாடகரை முன்கண்ணாடிப் பக்கம் தூக்கி நிறுத்தட்டும்.

வாங்க வேண்டியவை

6.5 அங்குல ஸ்பீக்கரில் பார்க்க வேண்டியது உணர்திறன், அதாவது கொடுத்த வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் தருகிறது என்பது. அது 3 டெசிபல் கூடினால், பாதி வாட்டில் அதே சத்தம் வரும். ஹெட் யூனிட்டின் 20 வாட்டையே நம்பியிருப்பவர் 91 டெசிபலுக்கு மேல் உள்ளதை எடுக்க வேண்டும். கூம்பு பாலிப்ரொப்பிலீன் அல்லது நீர் தாங்கும் பூச்சு உள்ளதாக இருக்கட்டும். டாஷ் ஸ்பீக்கர் நேர் வெயிலில் கிடக்கும், வெறும் காகிதம் அங்கே தாங்காது.

டாஷ் ஸ்பீக்கரின் அளவைப் பட்டியலைப் பார்த்து வாங்காமல், பழையதைக் கழற்றி அளந்து வாங்குங்கள். ஐம்பது வருடத்தில் யார் என்ன மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. நீளம், அகலம், போல்ட் துளைகளின் இடைவெளி, கீழே ஹீட்டர் குழாய் வரை உள்ள ஆழம் என நான்கு அளவுகள் வேண்டும். இரட்டைக் காயில் ஸ்பீக்கரின் காந்தம் பழையதைவிடத் தடிமன், ஆகவே பெரும்பாலும் இடிப்பது ஆழத்தில்தான்.

மற்றவை: 16 கேஜ் முழுச் செம்பு ஸ்பீக்கர் வயர் 15 மீட்டர் (செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம்), 200 மைக்ரோஃபாரட் துருவமற்ற கெப்பாசிட்டர் இரண்டு, மூடிய துளை நுரைப் பட்டை, பிளாஸ்டிக் இடைவளையங்கள், ரப்பர் குரோமெட், அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் அதிர்வுத் தடுப்பு ஷீட் 36 சதுர அடி, துரு மாற்றியும் பிரைமரும். இடைவளையத்துக்கு எம்டிஎஃப் பலகையைப் பயன்படுத்தாதீர்கள். ஈரம் பட்டால் ஊதிவிடும், இந்த வண்டியின் கிக் பேனலில் ஈரம் படாமல் இருக்காது.

வேலை

1. பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க் கேபினுக்குள் இருக்கும் வண்டியில் இது விருப்பத்துக்கு விட்ட விஷயமல்ல.

2. தரைவிரிப்பு, கிக் பேனல் மூடி, கதவு அட்டை, இருக்கை எல்லாவற்றையும் எடுங்கள். கைப்பெட்டியின் (குளோவ் பாக்ஸ்) உட்புறம் அட்டையால் ஆனது. அதன் ஸ்க்ரூக்களைக் கழற்றி மெல்ல வளைத்து எடுத்தால் டாஷ் ஸ்பீக்கருக்குக் கை எட்டும். ஸ்பீக்கர் நட்டுகளில் துரு இருந்தால் முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். முறுக்கினால் ஸ்டட் உடைந்துவிடும்.

3. துருவைப் பாருங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே விழும் மழைநீர் கிக் பேனலின் பின்பக்கம் வழியாகத்தான் இறங்கும். அங்கே சேர்ந்திருக்கும் சருகையும் மண்ணையும் அள்ளி, ஒரு குவளைத் தண்ணீரை மேலிருந்து ஊற்றி அது கீழே வெளியேறுகிறதா என்று பாருங்கள். உள்ளே வந்தால் அதை அடைக்கும்வரை ஸ்பீக்கர் பொருத்த வேண்டாம்.

4. அதிர்வுத் தடுப்பு ஷீட். விரல் முட்டியால் தகரத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். "டங்" என்று பறை போல ஒலிக்கும் இடத்தின் நடுவில் ஒட்டினால் "தட்" என்று அடங்கும். ஒவ்வொரு தட்டையான பரப்பிலும் கால்பங்கு மூடினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும், முழுக்க மூடுவது எடையும் காசும்தான். கூரை, கதவின் வெளித்தகடு, காலடித் தரை, பின்சுவர் என்பது முன்னுரிமை வரிசை. பின்சுவரில் ஒட்ட டேங்கை இறக்க வேண்டிவரும், அதை இறக்கும் நாளுக்கு அந்த வேலையைத் தள்ளிப்போடலாம். தகரத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஷீட்டை உருளையால் அழுத்துங்கள். குளிர்நாளில் ஹீட் கன் வேண்டும்; ஆனால் டேங்க் இருக்கும்போது பின்சுவர் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது. கதவின் கீழ்விளிம்பு வடிகால் துளைகளை மூடிவிடாதீர்கள்.

இந்த நான்காவது படியைத் தவிர்த்துவிட்டு அந்தக் காசில் பெரிய ஸ்பீக்கர் வாங்குவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. அடங்காத கூரைத் தகரம் ஒவ்வொரு பேஸ் அடிக்கும் தானும் சேர்ந்து பாடும்.

5. வயர் இழுத்தல். பழைய ஸ்பீக்கர் வயரை மறுபடி பயன்படுத்தாதீர்கள். பழைய அமைப்பில் ஸ்பீக்கரின் ஒரு முனை பாடியில் எர்த் ஆகியிருக்கலாம். இன்றைய ஹெட் யூனிட்டில் ஸ்பீக்கரின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டிலும் மின்னழுத்தம் இருக்கும். ஒன்று பாடியைத் தொட்டாலே சிப் போய்விடலாம். ஒவ்வொரு காயிலுக்கும் தனி ஜோடி வயர்.

நிறங்கள்: வெள்ளை இடது முன், சாம்பல் வலது முன், பச்சை இடது பின், ஊதா வலது பின். கறுப்புக் கோடு உள்ளது நெகட்டிவ். கிக் பேனல் ஜோடியை முன் சேனல்களிலும், டாஷ் ஸ்பீக்கரின் இரண்டு காயில்களைப் பின் சேனல்களிலும் இணையுங்கள். பிறகு முன், பின் ஒலியைப் பங்கிடும் ஃபேடர் திருகிலேயே டாஷ் ஒலியைக் குறைத்துக் கூட்டலாம். டாஷின் ஒவ்வொரு காயிலின் பாசிட்டிவ் வயரிலும் ஒரு 200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடராக இணைத்தால், 4 ஓம் காயிலுக்கு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி படிப்படியாகக் குறையும். அந்தக் கூம்பு பேஸ் அடிக்க முயன்று கிழியாது.

மஞ்சள் வயர் பேட்டரிக்கு ஃபியூஸ் வழியாக நேராக, சிவப்பு சாவி திருப்பினால் மின்சாரம் வரும் முனைக்கு, கறுப்பு எர்த்துக்கு. எர்த்தை டாஷில் எங்கோ ஒரு ஸ்க்ரூவில் மாட்டாமல், பெயின்ட் சுரண்டிய தகரத்தில் பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். இணைப்புகளை சால்டர் செய்யுங்கள் அல்லது சரியான கருவியால் கிரிம்ப் செய்யுங்கள். முறுக்கி டேப் சுற்றியவை கோடை வெயிலில் பசை உருகி அவிழும்.

6. துருவச் சோதனை. பொருத்தும் முன் 1.5 வோல்ட் செல்லை வயரின் மறுமுனையில் ஒரு கணம் தொடுங்கள். பாசிட்டிவ் பாசிட்டிவில் பட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். கெப்பாசிட்டர் போட்ட டாஷ் ஸ்பீக்கருக்கு இதைக் காயில் முனையிலேயே செய்யுங்கள், இரண்டு காயில்களுக்கும் தனித்தனியாக. ஒன்று மாறியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். குரல் தேய்ந்து மறையும்.

7. பொருத்துதல். வளையத்துக்கும் கூட்டுக்கும் இடையே நுரைப் பட்டை வையுங்கள். முன்புறக் காற்றும் பின்புறக் காற்றும் கலந்தால் பேஸ் அழியும். சிறு இடைவெளி போதும் அதற்கு. ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நீள ஸ்க்ரூ மறுபக்கத்தில் வயரைக் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் வேண்டுமானால்

நெடுஞ்சாலையில் ஜன்னலை இறக்கி ஓட்டுபவருக்கு 20 வாட் போதாது. 50 வாட் வீதம் நான்கு சேனல் தரும் சிறிய டி வகுப்பு ஆம்ப்ளிஃபயர் ஒன்று போதும், இருக்கைக்கு அடியிலோ கைப்பெட்டிக்குப் பின்னாலோ அடங்கும். ஆனால் முதலில் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

இந்த வண்டிகளின் அடிப்படை ஆல்டர்னேட்டர் 37 ஆம்ப். இரவில் ஹெட்லைட் 9, இக்னிஷன் 4, ஹீட்டர் விசிறி 8, மற்ற விளக்குகள் 4 என்று ஏறக்குறைய 25 ஆம்ப் போய்விடும். ஆம்ப்ளிஃபயர் முழு 200 வாட் தரும்போது 20 ஆம்ப் அளவில் இழுக்கும். இசையின் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாது என்பதால் ஓடும்போது சமாளிக்கும். சிக்னலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் தருவது வெகுவாகக் குறையும், விளக்கு பாட்டுக்கு ஏற்ப மங்கும். சப்வூஃபரும் சேர்ப்பதாக இருந்தால் 63 ஆம்ப் 10எஸ்ஐ அல்லது அதைவிடப் பெரிய 12எஸ்ஐ ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். பழைய தனி ரெகுலேட்டரின் வயரிங்கை அதற்கேற்ப மாற்ற வேண்டும். பேட்டரிக்குப் போகும் சார்ஜ் வயரையும் தடிமனாக்குங்கள்.

பேட்டரியிலிருந்து 8 கேஜ் செம்பு கேபிள். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ், அளவு ஆம்ப்ளிஃபயர் கையேட்டில் உள்ளபடி. ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்கு அல்ல, கேபிள் தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால் வண்டி எரியாமல் காப்பதற்கு. என்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலான ஃபயர்வால் சுவரைக் கடக்கும் இடத்தில் குரோமெட் கட்டாயம். பவர் கேபிள் ஒரு பக்கம் போனால், ஹெட் யூனிட்டிலிருந்து ஒலிச் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிள் மறுபக்கம் போகட்டும்.

கெயின் திருகு, அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்யும் திருகு, வால்யூம் அல்ல. கிக் ஸ்பீக்கரைக் கழற்றி வைத்து, ஈக்வலைசரைச் சமமாக்கி, ஹெட் யூனிட்டை முக்கால் வால்யூமில் வைத்து, 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்ப்ளிஃபயர் முனையில் 14.1 வோல்ட் வரும்வரை கெயினைக் கூட்டி நிறுத்துங்கள். 4 ஓமில் 50 வாட்டுக்கு உரிய கணக்கு அது. கிக் ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) போடுங்கள். சப்வூஃபர் இருந்தால் அதற்கு அதே 80-இல் லோபாஸ் (மேலுள்ள ஒலியைத் தடுப்பது).

கேட்டுப் பார்க்கும்போது வரும் கோளாறுகள்

என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில்: எர்த் கோளாறு. என்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் இடையே உள்ள பின்னல் எர்த் பட்டை என்ஜினை இறக்கி ஏற்றும்போது தொலைந்துபோய், யாரும் திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள். அதைப் போட்டாலே பல வண்டிகளில் சத்தம் நிற்கும்.

ஏஎம் ரேடியோவில் மட்டும் "டிக் டிக்" என்று வந்தால் அது தீப்பொறிச் சத்தம். வெறும் செம்பு உள்ள பிளக் வயர்களை எடுத்துவிட்டு மின்தடை உள்ள பிளக் வயர்களைப் போடுங்கள். இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் முனையில் இருக்க வேண்டிய 0.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையில் மாட்டினால் தீப்பொறி பலவீனமாகி பாயின்ட் கெட்டுவிடும்.

பேலன்ஸை ஒரு பக்கம் திருப்பினால் பேஸ் கூடுகிறது, நடுவில் வைத்தால் குறைகிறது என்றால் ஒரு ஸ்பீக்கரின் துருவம் மாறியிருக்கிறது. ஒரு பக்கத்தின் இரு வயர்களையும் மாற்றிப் போடுங்கள்.

சில நிமிடம் பாடிவிட்டு ஹெட் யூனிட் அணைந்து அணைந்து வந்தால், எங்கோ ஒரு ஸ்பீக்கர் வயர் பாடியைத் தொடுகிறது. ஒவ்வொரு சேனலாகக் கழற்றி, வயருக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரில் அளந்தால் அகப்படும்.

டாஷில் எழும் கரகரப்பு பெரும்பாலும் ஸ்பீக்கருடையது அல்ல. 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனை ஒலியை ஓடவிட்டு ஆஷ்ட்ரே, கைப்பெட்டிக் கதவு, ஹீட்டர் கேபிள், வைசர் என ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதன் பின்னால் நுரைத் துண்டு ஒன்றை ஒட்டினால் போதும்.

கழற்றிய டெல்கோ ரேடியோ, 10 ஓம் ஸ்பீக்கர், அதன் பிராக்கெட், நட்டுகள், கிக் பேனல் மூடிகள் அத்தனையும் ஒரே பெட்டியில் போட்டு, வண்டியின் வருடத்தை எழுதி ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நாளை வண்டியை வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.